ஊக்கத்தொகையா, ஓவர்டைமா, வேலை ஒழுங்கா: மதுரைச் சிறு பட்டறைகளுக்கு ஓர் ஒப்பீடு

மதுரையில் இருபது முதல் நாற்பது பேர் வரை வேலை பார்க்கும் தையல் பட்டறைகளுக்கும் எவர்சில்வர் பட்டறைகளுக்கும் அப்பளக் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், பொங்கல் கழிந்து ஆண்டுக் கணக்கை முடிக்கும் காலம் நெருங்கும்போது, பல முதலாளிகளிடமிருந்து ஒரே கேள்வி எனக்கு வருகிறது. "இந்த வருஷம் ஒரு மூணு லட்சம் ஒதுக்கலாம்ணே, ஆளுக வேலை இன்னும் வேகமாவும் சுத்தமாவும் நடக்கணும்னா அதை எதுல போடலாம்?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் மனத்தில் பெரும்பாலும் ஒரு விடையும் முன்பே இருக்கும். ஒருவர் ஊக்கத்தொகை தரலாம் என்பார். மற்றொருவர் இரவு எட்டு மணி வரை ஓவர்டைம் ஓட்டலாம் என்பார். இன்னொருவர் நாலு மூலையிலும் கேமரா மாட்டிவிட்டால் போதும் என்று நம்புவார். சிலர் பயிற்சி கொடுக்க விரும்புகிறார்கள். வேலை நடக்கும் முறையையே ஒழுங்குபடுத்தலாம் என்று தாமாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. இந்த ஐந்து வழிகளையும் ஒரே பட்டறையை முன்னிறுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில்லாபுரம், அவனியாபுரம் பக்கத்தில், தகரக் கூரையின் கீழ் 24 தையல் இயந்திரங்கள் ஓடும் ஒரு நைட்டி பட்டறையை வைத்துக்கொள்வோம். டைலருக்கு நாள் கூலி 550 ரூபாய், எட்டு மணி நேர வேலை, மாதம் 26 நாள். இவை எந்தப் பட்டறையின் உண்மைக் கணக்கும் அல்ல. கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், ஆகவே படிப்பவர் தம் எண்களை இவற்றின் இடத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாளைய டைலர் கூலி 13,200 ரூபாய், ஒரு மாதத்துக்கு 3,43,200 ரூபாய். அதாவது, ஆண்டு முழுவதற்கும் ஒதுக்க நினைக்கும் மூன்று லட்சம் என்பது ஒரு மாதக் கூலியைவிடவும் குறைவு. அதை 24 பேருக்கும் ஊக்கத்தொகையாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 12,500 ரூபாய், வேலை நாளுக்கு ஏறத்தாழ 40 ரூபாய். எதில் போடலாம் என்று கேட்கும்போது இந்த 40 ரூபாய் நினைவில் இருக்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அதற்கு முன்பாக ஓர் அளவை எடுத்தாக வேண்டும்: எட்டு மணி நேரத்தில் ஊசி உண்மையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது? இதற்கு ஸ்டாப்வாட்சுடன் ஒருவர் பின்னால் நிற்க வேண்டியதில்லை. நின்றால் தையல் அன்று மட்டும் வேறு வேகத்தில் நடக்கும். 1930-களில் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் டிப்பெட் என்ற புள்ளியியலாளர் ஓர் எளிய முறையைக் கையாண்டார். முன்கூட்டி யாருக்கும் தெரியாத நேரங்களில் தறிகளைச் சுற்றி நடந்து, அந்தக் கணத்தில் எத்தனை ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன, நிற்பவை எதனால் நிற்கின்றன என்பதை மட்டும் குறிப்பது அம்முறை. நம் பட்டறையில் நாளுக்கு இருபது முறை அப்படி ஒரு சுற்று வந்தால் 480 குறிப்புகள் சேரும். அவற்றில் 288-ல் ஊசி ஓடிக்கொண்டிருந்தால் ஓட்டம் 60 விழுக்காடு. நான்கு நாள் எடுத்தால் போதுமான அளவுக்கு நம்பலாம். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

அந்த 60 விழுக்காட்டைப் பார்த்தவுடன் "ஆளுக சும்மா உட்கார்ந்திருக்காங்க" என்று முதலாளிகள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நிற்பதற்கான காரணங்களை எழுதியிருக்கும் பக்கத்தைத் திருப்பினால் அந்தப் பேச்சு நின்றுவிடும். துணிக்கட்டு கட்டிங் மேசையிலிருந்து வரவில்லை, நூல் நிறம் மாற்ற ஸ்டோருக்குப் போயிருக்கிறார், பாபின் சுற்றுகிறார், ஊசி முறிந்தது, ஓவர்லாக்கில் (துணி விளிம்பைப் பிரியாமல் தைக்கும் இயந்திரம்) நூல் அறுகிறது, ஆனால் மெக்கானிக் மதியத்துக்கு மேல்தான் வருவார், கழுத்துப்பட்டி அளவு மாறி வந்ததால் பிரித்துத் தைக்கிறார், மின்சாரம் இல்லை. பேச்சும் டீயும் கைபேசியும் அந்தப் பக்கத்தில் இருக்கத்தான் செய்யும். ஆனால் முதலிடத்தில் அவற்றை நான் கண்டதில்லை. முதலிடத்தில் வருபவை பெரும்பாலும் துணியும் நூலும் மெக்கானிக்கும்தான். இவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு டைலருடையது அன்று, நிர்வாகத்துடையது. ஐந்து வழிகளையும் இந்த உண்மையின் மேல் நின்றுதான் ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓவர்டைமை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதன் கணக்கு தெளிவானது. மிகை நேரத்துக்கு வழக்கமான கூலியைப் போல் இரு மடங்கு தர வேண்டும் என்பது சட்டம். நம் பட்டறையில் ஒரு மணி நேரக் கூலி 68.75 ரூபாய், அதன் இரு மடங்கு 137.50. 24 பேர் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தால் நாளுக்கு 6,600 ரூபாய் ஆகும். நேரம் கால்பங்கு கூடுகிறது. கூலியோ அரைப்பங்கு கூடுகிறது. அந்த இரண்டு மணி நேரத்திலும் ஊசி 60 விழுக்காடுதான் ஓடும் என்றால், ஒவ்வோர் இயந்திரத்திலும் நமக்குக் கிடைப்பது 72 நிமிடத் தையல். சோர்வினால் மாலையில் ஓட்டம் இன்னும் குறையும், பிரித்துத் தைப்பது கூடும் என்பதைக் கணக்கில் சேர்க்காமலே சொல்கிறேன். 26 நாளுக்கு 1,71,600 ரூபாய். மூன்று லட்சம் இரண்டு மாதத்துக்கு வராது. இரு மடங்கு தராமல் ஒற்றைக் கூலியிலேயே நேரத்தை நீட்டுவது சட்டமீறல் என்பதோடு, அதைச் செய்கிற பட்டறையில் நல்ல டைலர் தங்குவதில்லை என்பதையும் கூலிப் பட்டியலில் மாதத்துக்கு மாதம் மாறும் பெயர்களே எனக்குச் சொல்கின்றன.

பணத்தைத் தவிர இன்னொரு தடையும் இருக்கிறது. நம் பட்டறைகளில் பெண்களே மிகுதி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு, சிலைமான், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலிருந்தும் வேலைக்கு வருவது எளிதாகியிருக்கிறது. ஆள் கிடைக்கும் வட்டம் பெரிதாகியிருக்கிறது. ஆனால் அப்படி வருகிறவர் அந்தப் பேருந்தின் நேரத்துக்குக் கட்டுப்பட்டவர். மாலை ஆறரைக்குக் கிளம்பினால் வீட்டுக்குப் போய் உலை வைக்க முடியும். எட்டரைக்குக் கிளம்பினால் ஊர் விலக்கில் இருட்டில் இறங்கி நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நெகிழ்த்தும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேறியும், எழுந்த எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதை எண்ணிப் பார்த்தால், நீண்ட நேரம் என்பது நம் மக்களுக்கு எவ்வளவு நெருடலான செய்தி என்பது விளங்கும். தீபாவளிக்கு முந்திய பத்துப் பன்னிரண்டு நாள், கடைக்காரர் சரக்குக்குக் காத்திருக்கும் வேளையில், முன்பே சொல்லி, வீட்டில் கொண்டுபோய் விட வண்டியும் ஏற்பாடு செய்து ஓட்டினால் ஓவர்டைம் தகும். ஆண்டு முழுவதற்குமான வழியாக அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊக்கத்தொகை இதைவிடச் சிக்கலானது. அதில் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூடுதலாகத் தைத்தவருக்குக் கூடுதலாகத் தருவது நியாயமும்கூட. ஆனால் அதற்கு முன்நிபந்தனைகள் இருக்கின்றன, அவை நிறைவேறாத இடத்தில் கொடுத்த பணம் தீமையையே செய்கிறது. துணி வராமல் உட்கார்ந்திருப்பவருக்கு "எண்பது உருப்படிக்கு மேல் போனால் உருப்படிக்கு இவ்வளவு" என்று அறிவித்தால் அவர் என்ன செய்ய முடியும்? கட்டிங் மேசைக்கு அருகில் உட்கார்ந்திருப்பவரும், மாஸ்டருக்கு வேண்டியவரும் துணிக்கட்டை முதலில் எடுத்துக்கொள்வார்கள். மூலையில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஊக்கத்தொகை திறமைக்குப் போகாமல் இடத்துக்குப் போகும். ஒடிசாவில் கூலித் தொழிலாளர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், உடன் வேலை செய்பவர்களுக்குக் காரணம் புரியாத வகையில் வேறுவேறு கூலி கொடுத்தபோது குறைவாகப் பெற்றவர்களின் உற்பத்தியும் வருகையும் குறைந்தன. யார் எவ்வளவு செய்தார் என்பது எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிந்த இடத்தில் அதே கூலி வேறுபாடு அந்தக் கெடுதலைச் செய்யவில்லை. ஊக்கத்தொகை தர நினைப்பவர் கணக்கைப் பலகையில் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

நான் கணக்குப் பார்த்த ஒரு பட்டறையில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஊக்கத்தொகை அறிவித்த இரண்டாம் மாதத்தில் ஐந்தாறு பெண்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகத் தைத்து, மிகுதியாகவும் வாங்கினார்கள். கூலிச் சிட்டையைப் பார்த்த முதலாளி மூன்றாம் மாதம் இலக்கை உயர்த்தினார். அதன் பிறகு அந்தப் பட்டறையில் ஒருவரும் இலக்கைத் தாண்டவில்லை. எல்லாரும் அதைத் தொட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் மூத்த ஓர் அக்காவிடம் கேட்டபோது, "கூடத் தைச்சா நாளைக்கு அதுதானண்ணே கணக்காகும்" என்றார். வேகத்தைக் கண்டு ரேட்டைக் குறைப்பது ஒருமுறை நடந்தாலும் அதை மறக்க வைக்க ஆண்டுகள் ஆகின்றன. எனவே இலக்கை நிர்ணயித்தால் இயந்திரமோ தையல் முறையோ மாறினால் ஒழிய அதை மாற்றுவதில்லை என்று எழுத்தில் கொடுக்கத் தயாராக இருப்பவர் மட்டுமே இந்த வழியில் இறங்க வேண்டும். தீபாவளி போனஸை ஊக்கத்தொகையாக எண்ணிக்கொள்ளும் குழப்பத்தையும் பல இடங்களில் பார்க்கிறேன். இருபது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனத்தில், சட்ட வரம்புக்குள் கூலி பெறுவோருக்கு 8.33 விழுக்காடு போனஸ் என்பது உரிமை. 20 விழுக்காடு அதன் மேல் வரம்பு. அதை முதலாளியின் பரிசாகக் காட்டி வேகம் கேட்பது முறையன்று, பலிப்பதும் இல்லை.

தொகையைக் கூட்டாமல் கூலி கைக்கு வரும் நாளை மாற்றிப் பார்ப்பதும் பயன் தரக்கூடும். ஒடிசாவிலேயே இலைத்தட்டு தைப்பவர்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்னதாகக் கொடுத்தபோது, மொத்தக் கூலி மாறாமலே உற்பத்தி உயர்ந்தது. கையிருப்பு இல்லாத ஏழைகளிடம் அந்த உயர்வு கூடுதலாக இருந்தது. கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது தையலில் கவனம் நிற்காது என்பதை நாம் எல்லாரும் அறிவோம். மாதச் சம்பளம் தரும் பட்டறைகள் சனிக்கிழமை வாரக் கூலிக்கு மாறுவதைப் பரிசீலிக்கலாம். பெரிய முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் பழைய வழக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முற்றிலும் வேறு, கைவிட வேண்டியது.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், நடக்கும் பட்டறைகளுக்கு இந்த இடத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் மதுரைத் தையலில் பெரும்பகுதி பீஸ் ரேட்தான். "எங்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம்ணே, தைச்சாத்தான் காசு, உட்கார்ந்தா அவங்களுக்குத்தான் நட்டம்" என்று அம்முதலாளிகள் சொல்கிறார்கள். நம் தொழிலின் மிகப் பெரிய மறைமுக நட்டம் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். நாள் கூலியில் காத்திருக்கும் நேரம் முதலாளியின் செலவில் ஏறுகிறது, அதனால் அவருக்கு உறைக்கிறது. பீஸ் ரேட்டில் அதே நேரம் டைலரின் பையிலிருந்து போகிறது, அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. துணிக்கட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த நட்டம் வேறு வழியில் முதலாளியிடமே திரும்பி வருகிறது. கட்டட வாடகையும் இயந்திரத் தவணையும் ஓடாத ஊசிக்கும் கட்ட வேண்டியிருக்கிறது. சரக்கு குறித்த நாளில் போய்ச் சேருவதில்லை. இழந்த நேரத்தை ஈடுகட்ட டைலர் விரட்டித் தைப்பதால் தையல் பிரிந்து சரக்கு திரும்புகிறது. கடைசியில், எங்கே கட்டு தொடர்ந்து வருகிறதோ அந்தப் பட்டறைக்கு நல்ல கைகள் போய்விடுகின்றன. பத்துப் பைசா ரேட் கூட்டியும் ஆள் நிற்கவில்லை என்று வருந்தும் பட்டறைகளில், ஊசி ஓட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கண்காணிப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைரேகை வருகைப் பதிவு கூலிக் கணக்கில் தகராறைக் குறைக்கிறது, அதற்காக வைக்கலாம். கேமரா சரக்கு காணாமல் போவதற்கும், மின்கசிவு போன்ற விபத்துக்குப் பின் நடந்ததை அறிவதற்கும் உதவும். நாற்காலி காலியாக இருப்பதைக் கேமரா காட்டும். ஏன் காலியாக இருக்கிறது என்பதைக் காட்டாது. நூல் வாங்கப் போனவரை ஊர் சுற்றப் போனவராக அது முதலாளிக்குக் காட்டிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது.

பயிற்சி நல்ல வழி, ஆனால் எதில் பயிற்சி, யாருக்குப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. பெங்களூரின் ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத் தொடர்பு, நேரத்தைத் திட்டமிடுதல், சிக்கலை எடுத்துச் சொல்லித் தீர்வு கேட்டல் முதலியவற்றில் பயிற்சி தந்து ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி உயர்ந்தது. அவர்களோடு ஒரே வரிசையில் வேலை செய்த, பயிற்சி பெறாதவர்களின் உற்பத்தியும் உயர்ந்தது. "துணி தீரப் போகுது" என்று பத்து நிமிடம் முன்னதாகச் சொல்லத் தயங்காத ஒருவர் வரிசையில் இருந்தால் அந்த வரிசையே பயனடைகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். நம் அளவிலான பட்டறையில் இதைவிட உடனடியாகப் பலன் தருவது, ஒரு டைலருக்கு இரண்டு மூன்று வேலைகள் பழக்குவதுதான். வைகாசி, ஆவணி, தை முகூர்த்த நாட்களில் மூன்று பேர் ஒன்றாக விடுப்பெடுப்பார்கள். ஓவர்லாக் போடத் தெரிந்த ஒரே ஆள் அன்று வராவிட்டால் இருபத்து மூன்று பேரும் மெதுவாகிறார்கள். ஓவர்லாக்கும் கழுத்தும் கையும் தைக்கத் தெரிந்த நான்கு பேரை உருவாக்கி, அவர்களுக்கு நாள் கூலியில் முப்பது ரூபாய் கூட்டித் தந்தால் மாதம் 3,120 ரூபாய். இந்தச் செலவை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வேலை ஒழுங்கு என்ற ஐந்தாவது வழியைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதற்கான மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே, அண்ணா நகரிலேயே இருப்பதும் அதை நாம் மருத்துவச் செய்தியாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டதும்தான். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஓர் அறுவை மருத்துவர் நாட்டின் பிற இடங்களில் செய்வதைப் போலப் பல மடங்கு எண்ணிக்கையில் கண்புரை அறுவைகளைச் செய்வது எப்படி? கை வேகத்தால் அன்று. அருகருகே இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி முழுமையாக ஆயத்தப்படுத்தப்பட்டிருப்பார். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த பக்கம் திருப்பிக்கொண்டு தொடர்வார். கண்ணை அளப்பது, மருந்து விடுவது, கருவிகளைக் கைக்கெட்டும்படி வைப்பது ஆகிய எல்லாவற்றையும், கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு மருத்துவமனையிலேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்கள் செய்கிறார்கள். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தவிர வேறெதுவும் மருத்துவரிடம் போவதில்லை. வெளியிலிருந்து வரும் விழிவில்லையின் விலை தடையாக நின்றபோது, 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் அதைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

இதை நம் பட்டறைக்குக் கொண்டுவந்தால், டைலரின் கை ஊசியை விட்டு எழ வேண்டிய ஒவ்வொரு காரணத்தையும் வேறொருவர் ஏற்க வேண்டும். நாள் கூலி 400 ரூபாயில் இரண்டு ஹெல்பர்களை வைப்பதாகக் கொள்வோம். ஒருவர், டைலரிடம் உள்ள கட்டு தீருமுன், கட்டிங் மேசையிலிருந்து அடுத்த துணிக்கட்டைக் கொண்டுபோய் வைப்பார். மற்றொருவர் பாபின் சுற்றி நிறவாரியாக அடுக்கி, நூலை மாற்றிக் கொடுப்பார், தைத்த கட்டை எடுத்துச் செக்கிங்குக்கு நகர்த்துவார். நாளுக்கு 800 ரூபாய், மாதம் 20,800. இதனால் ஓட்டம் 60-லிருந்து 70 விழுக்காடாக உயர்ந்தால், ஒவ்வோர் இயந்திரத்திலும் நாளுக்கு 48 நிமிடத் தையல் கூடும். உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு. ஓவர்டைமில் 72 நிமிடத்துக்கு 6,600 ரூபாய், இங்கே 48 நிமிடத்துக்கு 800 ரூபாய். யாரும் வேகமாகத் தைக்கவில்லை, யாரும் பேருந்தைத் தவறவிடவில்லை. பத்து விழுக்காடு உயரும் என்பதற்கு உறுதியில்லை, அது ஒவ்வொரு பட்டறையின் காரணப் பக்கத்தைப் பொறுத்தது; ஐந்துதான் உயர்ந்தாலும் இதுவே மலிவான வழியாக நிற்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இதற்குத் துணைநிற்கும் சான்றும் உண்டு. மும்பைப் பகுதியில் பருத்தித் துணி நெய்யும் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வில், சில ஆலைகளுக்கு ஐந்து மாதம் ஆலோசகர்கள் வழிகாட்டினார்கள். அவர்கள் கொண்டுவந்த மாற்றங்கள் எல்லாம் எளியவை: பழுதுகளை நாள்தோறும் எழுதி மறுநாள் காலையில் பேசுவது, நூல் இருப்பை வகைவாரியாக அடுக்குவது, இயந்திரம் நிற்கும் முன்பே பராமரிப்பது, தரையைச் சுத்தமாக வைப்பது. முதல் ஆண்டில் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. இவ்வளவு எளிதானவற்றை ஏன் முன்பே செய்யவில்லை என்று பார்த்தபோது, தங்கள் ஆலை நன்றாகவே நடக்கிறது என்ற உரிமையாளர்களின் நம்பிக்கை ஒரு காரணமாகத் தெரிந்தது. அந்த நம்பிக்கையை மதுரையிலும் நாள்தோறும் சந்திக்கிறேன்.

வெயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்கிறேன். பங்குனியிலிருந்து ஆனி வரை நம் ஊரின் தகரக் கூரைகளின் கீழ் பிற்பகலில் உட்கார்ந்திருப்பதே ஒரு வேலை. இந்தியத் தொழிற்சாலைகளின் தரவுகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள், வெப்பம் மிகுந்த நாட்களில் ஆளின் உற்பத்தி குறைவதையும் வருகை குறைவதையும் காட்டியிருக்கின்றன. பெங்களூரின் ஆடைத் தொழிற்சாலைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பழைய விளக்குகளை எல்இடியாக மாற்றியபோது, அறையின் வெப்பம் குறைந்து, வெயில் நாட்களில் உற்பத்தி உயர்ந்தது எதிர்பாராத ஆதாயமாக அமைந்தது. மதுரையின் வெயில் பெங்களூரின் வெயிலைவிடக் கடுமையானது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, கூரையை ஒட்டி வெப்பக் காற்று வெளியேற வழி, எல்இடி விளக்கு, பிற்பகலில் ஒரு சொம்பு மோர் ஆகியவற்றை ஊழியர் நலன் என்ற தலைப்பில் எழுதாமல் உற்பத்திச் செலவு என்ற தலைப்பில் எழுதுமாறு என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன்.

ஆக, அந்த மூன்று லட்சத்தை என்னிடம் கொடுத்தால் இப்படிச் செலவிடுவேன். இரண்டு ஹெல்பர்களுக்கு ஆறு மாதக் கூலியாக 1,24,800 ரூபாயை ஒதுக்குவேன். ஆறு மாதத்தில் ஓட்டம் உயர்ந்திருந்தால் அந்தக் கூலியைக் கூடுதல் உற்பத்தியே தாங்கும், உயராவிட்டால் வழியை மாற்றிக்கொள்ளலாம். பல வேலை தெரிந்த நால்வருக்கான கூடுதல் கூலி ஆண்டுக்கு 37,440 ரூபாய். மிச்சத்தில் முதல் செலவு கூரையும் விளக்கும். அடுத்தது ஒரு உபரித் தையல் இயந்திரம். பழுதான இயந்திரத்தை நகர்த்திவிட்டு உபரியை அந்த இடத்தில் வைத்தால் மெக்கானிக் எப்போது வந்தாலும் டைலர் காத்திருக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த தானியங்கி இயந்திரத்தை இந்த ஆண்டு வாங்க வேண்டாம் என்பேன், ஏனெனில் 60 விழுக்காடு ஓடும் பட்டறையில் அதுவும் துணிக்காகக் காத்திருக்கும்.

ஊக்கத்தொகைக்கும் காலம் வரும். ஓட்டம் 75 விழுக்காட்டைத் தொட்டு அதற்கு மேல் நகராமல் நின்றால், மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கை வேகமும் கவனமும்தான். தண்ணீர் குடிப்பதற்கும் இடுப்பை நிமிர்த்துவதற்கும் கழிப்பறைக்கும் வேண்டிய நேரம் போக, அதற்கு மேல் ஒழுங்கினால் பெறக்கூடியது குறைவு. அந்நிலையில், செக்கிங்கில் தேறிய உருப்படிக்கு மட்டும், வரிசை முழுவதற்கும் பொதுவாக, கணக்கைப் பலகையில் எழுதித் தரும் ஊக்கத்தொகை நன்றாக வேலை செய்யும். அதே பணத்தை ஓராண்டு முன்னால் கொடுத்திருந்தால் மனக்கசப்பைத்தான் வாங்கியிருப்போம்.

ஜவுளிக் கடைகளுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பதே வேலையின் ஒரு பகுதி. அங்கே நின்ற நேரத்தை எண்ணிப் பயனில்லை. தனி ஆளுக்கு விற்பனைக் கமிஷன் வைத்தால் ஒரே வாடிக்கையாளரை இருவர் இழுக்கும் நிலை வரும் என்பதால், கவுன்ட்டருக்குப் பொதுவான கமிஷனே ஏற்றது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தத்தைச் சுமையாகப் பார்க்கும் கடைக்காரர்கள், மாலை ஏழு மணிக்குக் கூட்டம் சேரும்போது அதுவரை உட்கார்ந்திருந்தவரின் முகத்தையும் காலையிலிருந்து நின்றவரின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எப்போது தொடங்குவது என்பதையும் தீர்மானத்தின் ஒரு பகுதியாகக் கொள்ள வேண்டும். சித்திரையில் எதையும் தொடங்க வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் எந்த ஊக்கத்தொகையும் ஆளைப் பட்டறையில் நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது. ஆடி முதல் தீபாவளி வரை சரக்கு அழுத்தம் இருக்கும். புது முறைக்கு யாருக்கும் பொறுமை இராது. பொங்கல் கழிந்து பங்குனி முடியும் வரையான காலமே ஏற்றது. எண்ணிக்கையைத் திங்களன்று எடுக்க வேண்டாம், அன்று வருகை குறைவு. சனியன்றும் வேண்டாம், அது கூலி நாள். செவ்வாய் முதல் வெள்ளி வரை எடுக்கலாம். எடுப்பதற்கு முன்பாக, இது ஆளைக் குறைப்பதற்கன்று, துணியும் நூலும் எங்கே தாமதமாகின்றன என்று பார்ப்பதற்குத்தான் என்பதை டைலர்களிடம் முதலாளியே நேரில் சொல்ல வேண்டும். நோட்டில் காரணம் எழுதும் பத்தியில் மாஸ்டர் சொல்வதை எழுதாமல், அந்த இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும்.